லுத்பியாவுக்கு மட்டும் சொல்லித்தந்த பாடம்

அருந்ததி டீச்சருக்கு ஆட்களை நம்பிப் பழக்கமில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரன் "இண்டைக்கு விடியப் பிடிச்சது மிஸ்" என்றால், "எந்த வருஷத்து விடிய?" என்று கேட்பாள். லிப்டில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால், தன்னுடைய மாடி வரும்வரைக்கும் அந்தச் சிரிப்புக்குக் காரணம் தேடுவாள். வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டு. மூன்றையும் பூட்டி, இழுத்துப் பார்த்து, லிப்டுக்குள் ஏறிய பிறகு திரும்பி இறங்கி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

இதைப் பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவள் பிறந்தது கொட்டாஞ்சேனையில். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், "ஒண்டும் நடக்காது, பயப்பிடாதைங்கோ" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போன அன்று பின்னேரமே, உடுத்த உடுப்போடு குடும்பம் அந்த வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடிய பெண்ணுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது முடிந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும், ஒன்றும் நடக்காது என்று யாராவது ஆறுதல் சொன்னால்தான் அவளுக்குப் பயம் பிடிக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய ஆங்கில வகுப்பு. பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வெள்ளைப் பலகை, சுவரில் சுற்றுவதைவிட அதிகமாக முனகும் ஒரு மின்விசிறி. கனடாவுக்குப் போகக் காத்திருக்கும் மணப்பெண்கள், வங்கி நேர்முகத்துக்குப் போகிறவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் வாய்திறக்க விரும்பும் தாய்மார் என்று வளர்ந்த ஆட்கள்தான் அங்கே வருவார்கள். இலக்கணத்தைக் கட்டிக்கொண்டு அழ அவர்களுக்கு நேரமில்லை. அருந்ததி சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். தமிழில் ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு ஆங்கிலச் சொற்களில் எதை எங்கே வைப்பது என்பது.

அதில் அவளை அடிக்க ஆளில்லை. "ரயில்ல போகேக்குள்ள கடல் தானாக் கண்ணில படுகுதே, அது சீ. மீன் வாங்கேக்குள்ள செவுளைத் தூக்கிப் பாக்கிறியள், அது லுக். அடுப்பில பாலை வைச்சிட்டு, பொங்கப் போகுதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள், அது வோச்." இவ்வளவுதான் பாடம். கேட்டவர்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். ரயில் சத்தம் ஹியர், பக்கத்து வீட்டுச் சண்டை லிசின். தரகர் காட்டுவது ஹவுஸ், பிந்திப் போனாலும் சோறு மூடி வைத்திருக்கும் இடம் ஹோம். உதாரணங்கள் எல்லாம் அவளே யோசித்து யோசித்துப் பிடித்தவை. பெற்ற பிள்ளை இல்லாத குறையை அவற்றை வைத்தே ஆற்றிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பிள்ளைகளைத்தான் கிளறன்ஸ் கொண்டு போனான். அவளோடு சேர்ந்து நாலைந்து வருடம் வகுப்பு எடுத்தவன். ஒரு தை மாதம், தொண்டை சரியில்லை என்று நின்றுகொண்டான். பங்குனியில் பம்பலப்பிட்டியில் அவனுடைய படத்தோடு பெரிய பனர் தொங்கியது. அங்கே போய்வந்த ஒரு பெண், "கிளறன்ஸ் சேர் மீன் செவுள் வைச்சுச் சொல்லித் தாறார் மிஸ், நல்ல வடிவா விளங்குது" என்று அருந்ததியிடமே வந்து சொன்னாள். அன்று இரவு அருந்ததி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் வகுப்புக்குள் சட்டங்கள் வந்தன. உள்ளே வரும்போதே கைபேசிகள் வாசலில் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும். பாடம் முடிந்ததும் பலகையை அவளே அழிப்பாள், அழித்த பிறகும் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பாள். கணினி வழியாக வகுப்பு நடத்தச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் மறுத்துவிட்டாள். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்: "இஞ்ச படிக்கிறது உங்கட தலைக்குள்ளயே இருக்கவேணும். வெளியில ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தது தெரிஞ்சாலும் அடுத்த நாள் வரவேண்டாம்."

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் லுத்பியா வந்து சேர்ந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறாளாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அபாயாவும் தோளில் ஒரு துணிப்பையுமாக, கடைசி வரிசையில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். முதல் நாளே அருந்ததிக்குப் பொறி தட்டிவிட்டது. ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. தட்டுத்தடுமாறி அல்ல, தண்ணீர் பட்ட பாடாக. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் தொலைபேசி மேசையில் இருந்தவளாம். பிறகு எதற்கு இந்த வகுப்பு?

அடுத்தது, அவள் ஒரு எழுத்துக்கூட எழுதுவதில்லை. மற்றவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து கிறுக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசையும். அருந்ததி மேசையில் விரலால் தட்டினால், அவளுடைய விரலும் மடியில் தட்டும். முடிய ஒரு கால்மணி நேரம் இருக்கும்போது, எந்தப் பாடத்தின் நடுவிலாக இருந்தாலும் சரி, எழுந்து போய்விடுவாள்.

"ஏன் வேளைக்குப் போறியள்?"

"வீட்டில வேல டீச்சர்."

"என்ன வேலை?"

"வீட்டு வேலதான் டீச்சர்." சொல்லும்போது அவளுடைய கண் நிலத்துக்குப் போய்விடும். கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாதவர்களை அருந்ததி எப்படி எடைபோடுவாள் என்று சொல்லத் தேவையில்லை.

"அவள் கிளறன்ஸ் அனுப்பின ஆள்" என்று அன்றிரவு கணவரிடம் சொன்னாள்.

சிவபாதசுந்தரம் காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவியின் சந்தேகங்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியதில் அவருக்கு ஒருவித நிதானம் வந்திருந்தது. "போன மாசம் தண்ணி மீற்றர் பாக்க வந்த பெடியனையும் கிளறன்ஸ்தான் அனுப்பினவன் எண்டனீர்" என்றார் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே.

"பகிடி விடாதைங்கோ. எழுதாமலே பாடமாக்குறாள். என்ர கை ஆடுற மாதிரியே கை ஆடுது. நான் பேசுறதை அப்பிடியே பிரதி எடுக்கிறாள்."

"அப்ப நேராக் கேட்டுப்போடுமன்."

"கேட்டால் ஓமெண்டு சொல்லுவாளோ? கையும் களவுமாப் பிடிக்கவேணும்."

கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. கிளறன்ஸ் பிடிபட்டது செவுளால்தானே? அதேபோல வேறு எங்கும் இல்லாத ஒரு பாடத்தை லுத்பியாவிடம் மட்டும் கொடுத்துவிட வேண்டும். அது எங்கே போய் முளைக்கிறதோ அங்கேதான் கள்ளன். வேறு எங்கும் இல்லாத பாடம் என்றால் அது பிழையான பாடமாகத்தான் இருக்க முடியும். நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கள்ளனுக்குக் கொடுப்பதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வகுப்பில் லுத்பியா வழமைபோல நேரத்தோடு எழுந்தபோது, அருந்ததியும் பின்னாலேயே படிக்கட்டுக்கு வந்தாள்.

"லுத்பியா, கொஞ்சம் நில்லுங்கோ. இது நான் மற்றவைக்குச் சொல்லுறேல்லை. நீங்கள் விசயம் தெரிஞ்ச ஆள் எண்டபடியால் சொல்லுறன். சொரி எண்டது றோட்டில ஒராளின்ர காலை மிதிச்சால் சொல்லுறது. சின்னப் பிழைக்கு. பெரிய பிழை விட்டால், மரியாதையான இடமெண்டால், சொரி எண்டு சொல்லக்கூடாது. தலையைக் குனிஞ்சு எக்ஸ்கியூஸ் மீ எண்டவேணும். அதுதான் படிச்சவையின்ர மன்னிப்பு."

உண்மை இதற்கு நேர்மாறு என்பது அருந்ததிக்குத் தெரியாதா? வழி விடச் சொல்லவும், பேச்சுக்குள் குறுக்கிடவும்தான் எக்ஸ்கியூஸ் மீ. பெரிய பிழையைச் செய்துவிட்டு அதைச் சொன்னால், எதிரே இருப்பவருக்கு எகத்தாளமாகத்தான் கேட்கும். லுத்பியாவின் புருவம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு முகம் மலர்ந்தது.

"எனக்கி மட்டுமா டீச்சர் செல்லித் தாறீங்க?"

"ஓம். உங்களுக்கு மட்டும்தான்."

"மிச்சம் சந்தோஷம் டீச்சர்." உதட்டை அசைத்து அசைத்து அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே அவள் படியிறங்கிப் போனாள்.

இனிப் பிடிபடுவாள் என்று அருந்ததி காத்திருந்தாள். பம்பலப்பிட்டியில் சட்டைத்துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கிளறன்ஸின் வகுப்பு நடக்கும் கட்டடத்துப் படிக்கட்டில் நின்று காது கொடுத்தாள். மீன் செவுள் வந்தது. பால் பொங்கியது. சோற்றைக்கூட மூடி வைத்தான். ஆனால் எக்ஸ்கியூஸ் மீ மட்டும் வரவில்லை. வகுப்பு முடிந்து இறங்கி வந்த கிளறன்ஸ் அவளைக் கண்டு கொஞ்சமும் வெட்கமில்லாமல் கையைக் கூப்பினான்.

"மிஸ் அருந்ததி! மேல வந்திருக்கலாமே. உங்கட மீன் இல்லாட்டி எனக்கு வகுப்பே ஓடாது, தெரியுமோ?"

"லுத்பியா எண்டு ஒராளைத் தெரியுமோ?" என்று அவள் வெடுக்கென்று கேட்டாள்.

"யாரு?" என்றான். அவனுடைய முழிப்பைப் பார்த்தால் உண்மையிலேயே தெரியாதவன் மாதிரித்தான் இருந்தது. அப்படியென்றால் இன்னும் மோசம் என்று அருந்ததி நினைத்தாள். லுத்பியா யாருக்காகவும் வேவு பார்க்கவில்லை, கொட்டாஞ்சேனையில் தானே கடை விரிக்கிறாள்.

அடுத்த வகுப்பில் லுத்பியா எழுந்து போனதும், அருந்ததி பாடத்தைப் பாதியில் விட்டாள். "தலையிடி, நாளைக்குப் பாப்பம்" என்றாள். வகுப்புத் தொடங்கிய நாள் தொட்டு அவள் அப்படிச் செய்ததே இல்லை. காலி வீதிக்கு ஓடி வந்தபோது லுத்பியா பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். அருந்ததி கையைக் காட்டி ஒரு திரீவீலை மறித்தாள்.

"மல்லி, அர பஸ் எக பஸ்ஸென் யன்ன" என்று, அந்த பஸ்ஸுக்குப் பின்னால் போகும்படி சிங்களத்தில் சொன்னாள்.

திரீவீல்காரன் அவளையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். புருஷனைப் பிடிக்கப் போகும் மனுஷி என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், மிகுந்த அக்கறையோடு ஓட்டினான். காலிமுகத்திடல் தாண்டி, கோட்டை தாண்டி, புறக்கோட்டை நெரிசலில் முன்னுக்குப் போன பஸ்ஸைத் தவறவிட்டு, கொட்டாஞ்சேனையில் அவனே மறுபடி கண்டுபிடித்துக் கொடுத்தான். "அன்ன மிஸ், பஹினவா" என்று விரலை நீட்டினான். லுத்பியா இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை அது. தான் பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது என்பதை நினைக்கக்கூட அருந்ததிக்கு அப்போது மனம் இருக்கவில்லை. லுத்பியா ஒரு பச்சைக் கதவுக்குள் போய் மறைந்தாள். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்தது. அருந்ததி அந்த வீட்டு யன்னலுக்குக் கீழே, ஒரு தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. தொழுகிறார்கள் போலும் என்று நினைத்தாள். பிறகு உள்ளே மேசையில் விரலால் தட்டும் ஓசை கேட்டது.

"ரயில் சத்தம் ஹியர். பக்கத்து வீட்டுச் சண்ட லிசின்."

அருந்ததியின் பிள்ளை. அவளுடைய ஏற்ற இறக்கம். அருந்ததி எங்கே மூச்சு விடுவாளோ, அங்கே மூச்சுக்கூட விட்டாள் அந்தப் பாதகி. இன்னொரு பெண்குரல் அதைத் திருப்பிச் சொன்னது. அருந்ததிக்கு இரத்தம் தலைக்கேறியது. கதவு சாத்தியிருக்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்ப இதுதான் உங்கட வீட்டு வேலையோ?"

லுத்பியா எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. முகத்தில் உயிரில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து, தலையை நன்றாகக் குனிந்து சொன்னாள்:

"எக்ஸ்கியூஸ் மீ, டீச்சர்."

என்ன திமிர் என்று அருந்ததிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மறுகணம், வந்த சொல் அப்படியே நின்றது. இது திமிர் இல்லை. அவளே படிக்கட்டில் நின்று சொல்லிக்கொடுத்த பெரிய மன்னிப்பு.

அப்போதுதான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பார்த்தாள். வகுப்பும் இல்லை, கடையும் இல்லை. ஒரே ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இராது. கணவனை இழந்தவளைப்போலத் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தியிருந்தாள்.

"என்ட தங்கச்சி டீச்சர், அர்பா" என்றாள் லுத்பியா, தலையை நிமிர்த்தாமல். "மாப்பிள மவுத்தாகி மூணு மாசம். இத்தாவில இரிக்கிறா. நாலு மாசமும் பத்து நாளும் முடியிற மட்டும் வெளிய வர ஏலா. எனக்கி இங்கிலிஷ் வாய்க்கு வரும் டீச்சர், ஆனா ஏன் இது, ஏன் அது இல்ல எண்டு செல்லிக் குடுக்கத் தெரியா. அதான் நான் வந்து கேட்டு, மறக்க முந்தி நேரத்தோட எழும்பி ஓடி வந்து, ஒங்கட வாயால வாற மாதிரியே இவக்கிச் செல்லுற. எழுதினா ஒங்கட குரல் விட்டுப் போயிரும். வெளியில ஒருத்தருக்கும் செல்லிக் குடுக்கக்கூடா எண்டு முதல் நாளே செல்லிட்டீங்க. வகுப்பால நிப்பாட்டிருவீங்க எண்டு பயத்தில மறச்சிட்டேன்."

அர்பா எழுந்து வந்தாள். அவளுக்கு என்னவோ பயமே இல்லை. அறிமுகமான ஆளைப் பார்ப்பதுபோல அருந்ததியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சர், தாத்தா செய்யிற மாதிரியேதான் நீங்களும் கைய ஆட்டுறீங்க" என்றாள். அவர்கள் வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். "நாளைக்குக் காலையில எனக்கி போனில இண்டவியூ. வெளிநாட்டுக் கம்பனி, வீட்டில இருந்தே செய்யிற வேல. குறை செல்லி போன் எடுக்கிறவங்களச் சமாதானப்படுத்தோணும். கெடச்சா என்ட புள்ளயோட ஒருத்தர் கையையும் பாக்காம இருந்துக்கலாம். நீங்க தாத்தாக்கி மட்டும் செல்லித் தந்த பெரிய மன்னிப்ப நேத்தெல்லாம் செல்லிச் செல்லிப் பாத்தேன்."

அருந்ததி பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நாளை காலை நேர்முகம் எடுப்பவர் தொலைபேசியில் கோபக்கார வாடிக்கையாளர்போலக் குறை சொல்லிப் பார்ப்பதும், இந்தப் பெண் மிகுந்த மரியாதையோடு தலையைக் குனிந்து அந்த இரண்டு சொல்லைச் சொல்வதும், அந்தப் பக்கம் பேச்சு முடிந்துபோவதும் கண்ணுக்கு முன்னால் ஓடின. அவமானத்தில் காது மடல் சுட்டது. இப்போதுகூட ஒரு வழி இருந்தது. வாய் தவறிவிட்டது, வயது போகிறது என்று சிரித்து மாற்றிச் சொல்லிவிடலாம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள்.

லுத்பியா முந்திக்கொண்டாள். "உண்மயச் செல்றேன் டீச்சர், நீங்க அதச் செல்லித் தந்த நேரம் எனக்கி வேற மாதிரி இரிந்திச்சி. ஆஸ்பத்திரியில நாங்க பத்து வருஷமாச் சொரி எண்டுதான் செல்லுற. அப்ப நான் யோசிச்சேன், இவ்வளவு காலமும் நான் பேசின இங்கிலிஷ்தான் பிழையாக்கும் எண்டு. டீச்சர் பிழயாச் செல்லுவாங்களா?"

யாரையும் நம்பாதவளுக்கு, ஒருத்தி தன் காதையே நம்பாமல் அவளை நம்பியிருக்கிறாள் என்பது தாங்க முடியாமல் இருந்தது. வாய் தவறிய கதையை விட்டுவிட்டாள்.

"பிழைதான் லுத்பியா" என்றாள். "உங்கட இங்கிலிஷ்தான் சரி. பெரிய பிழைக்கும் சொரிதான். நான் தெரியாமல் சொல்லேல்லை. வேணுமெண்டுதான் பிழையாச் சொல்லித் தந்தனான். நீங்கள் என்ர பாடத்தைக் களவெடுக்கிறியள் எண்டு நினைச்சு, பிடிக்கிறதுக்கு."

லுத்பியா கீழே விழுந்த கதிரையைத் தூக்கி நிமிர்த்தினாள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கிட்ட நேராக் கேட்டிருந்தா செல்லியிருப்பேனே டீச்சர்" என்றாள்.

"கேட்டிருந்தால் வகுப்பால நிப்பாட்டியிருப்பன்" என்றாள் அருந்ததி. அதுவும் உண்மைதான். "சொரி லுத்பியா. சொரி, பிள்ளை."

அர்பா அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். முதலில் இருந்த சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது.

"அப்ப டீச்சர்," என்று மெதுவாகக் கேட்டாள், "அதுக்கு முந்திச் செல்லித் தந்ததெல்லாம்? அதெல்லாம் சரிதானா?"

ஓம் என்று அருந்ததி சொன்னாள். சத்தியமாக என்றும் சொன்னாள். அர்பாவின் கண்ணில் வந்திருந்ததை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க மீன்காரனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அவள் அந்தக் கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறாள். எந்த உதாரணங்களுக்குக் காவல் நின்றாளோ, அவை எல்லாவற்றையும் தன் கையாலேயே செல்லாக்காசாக்கிவிட்டாள். அதற்குக் கள்ளன் எவனும் தேவைப்படவில்லை.

சிவபாதசுந்தரத்துக்குப் போன் எடுத்து, வரப் பிந்தும் என்றும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்படியும் சொன்னாள். பிறகு கட்டிலை விட்டு எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முதலிலயிருந்து தொடங்குவம். எல்லாத்தையும் திரும்பச் சொல்லுறன். ரயில்ல போகேக்குள்ள கடல் தானாக் கண்ணில படுகுது, அது சீ."

அர்பா உடனே திருப்பிச் சொல்லவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். லுத்பியா யோசித்து, தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் அர்பா "சீ" என்றாள். லுக்குக்கும் அப்படித்தான். வோச்சுக்கும் அப்படித்தான்.